பார்வைத் தூரத்தின் கடைசிப் படி

கருமுடி எஸ்டேட்டில் மூடுபனிக்கு மட்டும் விடுமுறை கிடையாது. தேயிலைக்கு உண்டு, ஃபேக்டரிக்கு உண்டு, மழைகூடப் பங்குனியில் கொஞ்சம் ஓய்ந்து உட்காரும். மூடுபனி மட்டும் யார் பிறந்தாலும் யார் செத்தாலும் வாசலில் வந்து நின்றது. வாசல்படியிலிருந்து பார்த்தால் பத்துப் பதினைந்து செடி தெரியும், அதற்கு அப்பால் இருப்பதையெல்லாம் அந்த மலைக்காரர்கள் ‘வெள்ளை’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். மாடு எங்கே என்று கேட்டால் வெள்ளைக்குள்ளே போயிருக்கு என்பார்கள், புருஷன் எங்கே என்று கேட்டாலும் அதே பதில்தான். அந்த வெள்ளையைப் பார்த்து உரக்கக் கூவினால் அது திரும்பக் கூவும். திருவிழாவுக்கு மேளம் அடித்தால் அதுவும் அடிக்கும். சில வருசம் இவர்கள் அடித்து முடித்துச் சாப்பிட உட்கார்ந்த பிறகும் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும். ‘நம்ம மலை எதிரொலி கொஞ்சம் மந்தம்’ என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்குவார்கள், அதற்கு மேல் அதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை.

அந்த எஸ்டேட்டில் தமயந்தி கொழுந்து லாரி ஓட்டினாள். பறித்த கொழுந்தைத் தேயிலைக் காடு காடாகப் போய் மூட்டையாக ஏற்றி, ஃபேக்டரியில் கொண்டுவந்து இறக்குகிற வேலை. பாதையைக் கண்ணால் பார்த்து அவள் ஓட்டியதில்லை. வளைவை இடுப்பாலும் பள்ளத்தைப் பல்லாலும் தெரிந்துவைத்து ஓட்டினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் யானைக்காகப் பயந்து பயந்துதான் திரும்புவாள், ஏனென்றால் மூடுபனிக்குள் நிற்கிற யானை மூச்சுவிடுகிற சத்தம்கூட வெளியே கேட்காது. பக்கத்து வீட்டு ஞானப்பூ அக்காவின் தம்பி அப்படித்தான் வேலைக்குப் போகிற வழியில் பாறை என்று நினைத்துக் கையை ஊன்றினான், பாறை திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு அந்த லயன் வீட்டு வரிசையில் யாரும் எந்தப் பாறையிலும் சாய்வதில்லை.

வீட்டில் தமயந்திக்கு ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பொள்ளாச்சியில் மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து வாங்கி, கொழுந்து மூட்டைக்கு நடுவில் பத்திரமாக உட்காரவைத்துக் கொண்டுவந்தது. அதில் அவள் விளையாடியதும் லாரி விளையாட்டுத்தான். பாலைவனம், கடற்கரை, கோதுமை வயல் என்று விரிந்துகிடக்கிற ஒரு பெரிய நாட்டில் சரக்கேற்றிக்கொண்டு போகவேண்டும்.

“பொழுதுக்கும் லாரி ஓட்டிட்டு வந்து, வீட்லயும் லாரியேவா?” என்பான் அவள் கணவன் வேலாயுதம். அவன் ஃபேக்டரியில் கொழுந்து வாட்டுகிற தட்டில் வேலை பார்த்தான்.

“இதுல ரோடு எங்க போய் முடியுதுன்னு பாக்கலாமுங்க” என்பாள் அவள்.

ஆனால் பார்க்க முடியவில்லை. விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில் ‘பார்வைத் தூரம்’ என்று ஒரு கோடு, அதன் மேல் நகர்த்துகிற ஒரு குமிழ். முதல் படிக்கு மேல் குமிழைத் தள்ளினால் கம்ப்யூட்டருக்குள் படம் வரைகிற அந்தப் பழைய கிராஃபிக்ஸ் கார்டு திணறி, லாரி விக்கல் எடுத்தவன் மாதிரி விட்டு விட்டு நகர்ந்தது. முதல் படியிலேயே வைத்தாலோ, தன்னால் வரைய முடியாத தூரத்தையெல்லாம் கார்டு ஒரு வெண்புகையைப் போட்டு மூடிவிட்டது. கோதுமை வயலில் பத்துப் பதினைந்து கதிர் தெரியும், அப்புறம் வெள்ளை.

“வெளியிலயும் வெள்ளை, உள்ளயும் வெள்ளையா?” என்று ஒரு நாள் கீபோர்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள். அந்த வருசம் போனஸ் வந்த கையோடு கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினாள்.

காந்திபுரத்தில் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் கடையை ரியாஸ் என்கிற மெலிந்த மனிதர் நடத்திவந்தார். வாய் ஓயாமல் பேசுகிறவர், ஆனால் கேட்டுவிட்டுப் பேசுகிறவர். தமயந்தி உட்கார்ந்ததும் அவர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒரு கார்டை எடுத்து மேசைமேல் வைத்தார். மூன்று விசிறி, விளிம்பெல்லாம் வண்ண விளக்கு, பார்த்தால் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது.

“எல்லாரும் இதத்தான் கேப்பாங்க மேடம். ஆனா உங்களுக்கு வேணாம். உங்க மானிட்டர் என்ன சைசு?”

அவள் சொன்னாள்.

“அப்ப நிச்சயமா வேணாம். சின்னத் திரைக்கு இவ்வளவு பெரிய கார்டு வீண். உங்க ப்ராசஸரும் பழசு. கார்டு ஓடுற வேகத்துக்கு அது ஈடு குடுக்காது.”

“பெரிய எஞ்சினை வச்சிட்டு பழைய கியர்பாக்ஸை அப்படியே விட்ட மாதிரி” என்றாள் தமயந்தி.

ரியாஸ் நிமிர்ந்து பார்த்தார். “லாரி ஓட்டுறீங்களா அக்கா?” என்று கேட்டார், அதோடு மேடம் போய்விட்டது.

அதற்குப் பிறகு இருவரும் லாரி பாஷையில் பேசினார்கள். அடுத்து ஒரு கார்டை எடுத்தார். வேகம் இருக்கிறது, ஆனால் சொந்த மெமரி எட்டு ஜிபிதான், சரக்குப் பெட்டி சின்னது, பெரிய நாட்டை ஏற்றினால் வழியும் என்றார். மூன்றாவதாக, விளக்கு ஒன்றும் இல்லாத, இரண்டே விசிறி வைத்த, கறுப்பாய்ச் சப்பையாய் ஒரு கார்டை எடுத்துவைத்தார். வேகம் மிதம், ஆனால் மெமரி பன்னிரண்டு ஜிபி. “ரொம்ப தூரம் பாக்கணும்னு சொன்னீங்கல்ல, அதுக்கு இதுதான் நிக்கும். எல்லாத்தையும் ஞாபகத்துல வச்சிருக்கும்.” தமயந்தி சேலை முந்தானையிலிருந்து ஒரு நூலை எடுத்தாள். வீட்டுப் பெட்டிக்குள் எவ்வளவு நீளம் இடம் இருக்கிறது என்று அளந்து முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். நூலைக் கார்டின் மேல் வைத்தார்கள். முடிச்சுக்கு ஒரு விரல் உள்ளேயே கார்டு முடிந்தது.

“ஒண்ணே ஒண்ணு அக்கா. உங்க பொட்டிக்குக் கரண்ட் குடுக்குற பவர் சப்ளை பழசு. பார்வைத் தூரத்த அஞ்சாவது படி வரைக்கும் ஏத்துங்க, தாங்கும். கடைசிப் படி மட்டும் வேணாம். அதுக்குப் புது பவர் சப்ளை போடணும்.”

“அத அப்புறம் பாத்துக்கலாம்” என்று கார்டை மடியில் வைத்துக்கொண்டு மலையேறினாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி குழந்தைக்குப் பால் பவுடரா என்று கேட்டாள். கொஞ்சம் அந்த மாதிரிதான் என்று தமயந்தி சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் பெட்டியைத் திறந்தாள். இரும்புக் கம்பியைத் தொட்டுத் தன் உடம்பு மின்சாரத்தை இறக்கினாள், திருகாணிகளைத் தாலிக் கயிற்றைக் கழற்றுகிற கவனத்தோடு கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டாள், பழைய கார்டை உருவினாள், புதுக் கார்டைக் குழிக்குள் வைத்து அழுத்தினாள். ‘டக்’ என்று ஒரு சத்தம். மின் வயரைச் செருகி, பெட்டியை மூடி, பொத்தானை அழுத்தினாள். விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே நின்றது.

“போச்சா?” என்றான் வேலாயுதம், வருத்தம் மாதிரியே தெரியாத ஒரு குரலில்.

தமயந்தி பெட்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். மானிட்டர் வயரை அவசரத்தில் மதர்போர்டில் செருகியிருந்தாள். அதைப் பிடுங்கிக் கார்டில் செருகினாள். திரை வெளிச்சமானது. விளையாட்டைத் திறந்து, பார்வைத் தூரத்தின் குமிழை முதல் படியிலிருந்து இரண்டாவது படிக்கு நகர்த்தினாள். கோதுமை வயல் தெரிந்தது, வயலுக்கு அந்தப் பக்கம் ஒரு வேலி தெரிந்தது, வேலிமேல் ஒரு காக்கை உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அதே நேரத்தில் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஞானப்பூ அக்கா, “யாருடி அது லைட்டப் போட்டது?” என்று கேட்டாள்.

தமயந்தி வெளியே வந்து பார்த்தாள். மூடுபனி வாசலைவிட்டு எழுந்து, வேலைக்குக் கிளம்புகிறவர் மாதிரி சரிவில் இறங்கிப் போய், லயனின் கடைசி வீட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது. உள்ளே போய்க் குமிழை மறுபடி முதல் படிக்கு இழுத்தாள். வெள்ளை திரும்பி வந்து கொடியில் கிடந்த துணிகளை நனைத்தது. “ஏய், ஏய், துணி!” என்று ஞானப்பூ அக்கா கத்தினாள். தமயந்தி குமிழை அவசரமாக இரண்டில் வைத்தாள்.

அவ்வளவுதான் நடந்தது, அதற்கு மேல் விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது தமயந்திக்கு மட்டும்தான். அவள் ரியாஸுக்கு போன் போட்டாள்.

“கார்டு போட்டதுலருந்து இங்க ஊர்ல மிஸ்ட்டு வெலகுதுங்க தம்பி.”

“டிரைவர் அப்டேட் பண்ணீங்களாக்கா?”

“டிரைவரே நான்தானே.”

“அது இல்லக்கா, சாஃப்ட்வேர். அப்டேட் பண்ணிருங்க, இன்னும் நல்லா வேல செய்யும்” என்று அவர் போனை வைத்துவிட்டார்.

அவர் சொன்னபடியே அப்டேட் செய்தாள், இன்னும் நன்றாகத்தான் வேலை செய்தது. மூன்றாவது படியில் கோயில் தெரிந்தது. அதன் கோபுரம் பச்சை என்று பாதிப் பேரும் நீலம் என்று மீதிப் பேரும் காலங்காலமாகச் சண்டை போட்டிருந்தார்கள். பார்த்தால் அதற்கு யாரும் சுண்ணாம்பைத் தவிர எதுவுமே பூசியிருக்கவில்லை. லயனில் எல்லா வீட்டிலும் சோறு தின்கிற கறுப்பு நாய், ஒரு நாய் இல்லை, மூன்று நாய் என்று தெரிந்தது. தின்று தின்று ஏன் இளைத்தே கிடக்கிறது என்று அத்தனை நாளும் கவலைப்பட்டவர்கள் மூன்றுக்கும் தனித்தனியாகப் பெயர் வைத்தார்கள். துணி காய்ந்தது. உண்மையாகவே காய்ந்தது; மொடமொடவென்று காய்ந்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஆண்கள் கையை மடக்கியும் நீட்டியும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். வேலைக்குப் போகிற பெண்கள் பாறைகளைத் தூரத்திலிருந்தே பார்த்தார்கள், அசைகிற பாறைகளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நாலாவது படியில் தமயந்தி தன் லாரிப் பாதை முழுவதையும் முதல் தடவையாகப் பார்த்தாள். ஒரு திருப்பத்தில், இத்தனை காலம் தான் டயரை உரசிக்கொண்டு போனது மண்மேடு இல்லை, அதலபாதாளத்தின் விளிம்பு என்று கண்டு, லாரியை நிறுத்தி இறங்கி, கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்துவிட்டு அப்புறம் ஓட்டினாள்.

எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல முடியாது. காதலிக்கிற பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஃபேக்டரி டீமேக்கர் வரதராசன் நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். தேயிலை எந்தப் பதத்தில் இருக்கிறது என்று மோந்து பார்த்தே சொல்கிற மனிதர், அதனால் எதையும் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் பேசுவார்.

“அம்மா தமயந்தி, கொழுந்துக்கு ஈரம் வேணும். வெயில் இப்படி நேரா விழுந்தா இலை செடியிலயே வாடுது. டீயில வாசனை எறங்குது. நீ பாட்டுக்கு வெளையாடுறே, அங்க டீ பாழாகுது.”

தமயந்திக்கு அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. கோயில் முன்னால் ஊர் கூடியது. முன்பெல்லாம் கூட்டம் போட்டால் பக்கத்தில் நிற்கிறவரைத் தவிர யார் வந்திருக்கிறார்கள் என்று தெரியாது. இந்தத் தடவை எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டே பேசியதால் சண்டை பாதியாகக் குறைந்தது. காலையில் பனி இறங்குகிற நேரத்துக்குக் குமிழ் முதல் படியில் இருக்கவேண்டும், இலை குடிக்கிற அளவு ஈரத்தைக் குடித்துக்கொள்ளட்டும். பறிக்கிறவர்கள் காட்டுக்குக் கிளம்புகிறபோது நாலுக்கு ஏற்றவேண்டும். சாயங்காலம் பிள்ளைகளுக்காகக் கொஞ்ச நேரம் இரண்டுக்கு இறக்கலாம் என்று முடிவானது. எந்தப் பிள்ளைகளுக்காக என்று யாரும் கேட்கவில்லை. டீமேக்கர் மூக்கை உறிஞ்சி, சரி என்றார்.

ஐந்தாவது படியில் மூடுபனி பள்ளத்தாக்கின் நடுவரைக்கும் போய் நின்றது. அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்கிற கேள்வி அப்போதுதான் முதல் தடவையாக ஊருக்குள் வந்தது. ஒன்றும் இருக்காது என்றார்கள் சிலர், அத்தோடு மலை முடிந்துவிடுகிறது. கடல் இருக்கும் என்றார்கள் சிலர். ஞானப்பூ அக்கா மட்டும், “என்னவா இருந்தா என்ன, பாத்துட்டா நிம்மதியா வேலைக்குப் போலாம்ல” என்றாள். தமயந்தி ஒருநாள் கடைசிப் படிக்குக் குமிழைத் தள்ளிப் பார்த்தாள். பெட்டி முக்கியது, முனகியது, பட்டென்று அணைந்தது. வெள்ளை பள்ளத்தாக்கிலிருந்து பொங்கி வந்து அடுப்படிவரை நுழைந்தது.

ரியாஸ் எச்சரித்தது இதைத்தான். புதுப் பவர் சப்ளை வேண்டும் என்று போனில் சொன்னாள். அவர் அதை அட்டைப் பெட்டியில் கட்டி, மலைக்கு வருகிற பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டார். இந்தத் தடவை தமயந்தி திருகாணியைக் கழற்றும்போது வேலாயுதமே கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆனால் எஸ்டேட் மின்சாரம் எப்போதும் சோகை பிடித்தது, பாதி வோல்ட்டேஜில்தான் வரும். அதனால் ஞானப்பூ அக்கா வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். காலைக் கொழுந்தை எடை போட்டு முடிந்த நேரம், லயனில் எல்லா டிவியும் மிக்சியும் ஃபேனும் அணைந்தன, எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். “ஏத்துறேன்” என்று உள்ளேயிருந்து தமயந்தியின் குரல் கேட்டது.

மூடுபனி கொஞ்சம் தயங்கியது. அப்புறம் பள்ளத்தாக்கைக் கடந்து, மேடேறி, அதற்கும் மேலே வானத்தில் ஏறிக் காணாமல் போனது.

அங்கே ஒரு மலை இருந்தது. அதில் தேயிலை இருந்தது. வரிசையாக வீடுகள் இருந்தன, கொடிகளில் சிவப்பும் மஞ்சளுமாய்த் துணிகள் தொங்கின, ஒரு ஃபேக்டரிக் கூரை வெயிலில் பளபளத்தது, ஒரு கோயிலுக்கு முன்னால் வெறும் திண்டின் மேல் இரண்டு மேளங்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. தமயந்தி ஓடிவந்து வாசலில் நின்றாள். முதலில் பேசியவர் டீமேக்கர் வீட்டுத் திண்டில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர்தான். “அப்ப இத்தன நாளு நம்மகூட மேளம் அடிச்சது இவங்கதானா?” என்றார்.

யாரோ சிரித்தார்கள், யாரோ அழுதார்கள், ஒரு குழந்தை எதிர்மலையைப் பார்த்துக் கையை ஆட்டியது. எதிர்மலையின் சரிவில் பெண்கள் வரிசையாகக் குனிந்து கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள், நீலம், ரோஸ் என்று தலைத்துணிகள் மட்டும் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தன. அவர்கள் மேட்டை நோக்கிப் பறித்துக்கொண்டே ஏறினார்கள். தமயந்திதான் முதலில் பார்த்தாள். மேட்டுக்கு அந்தப் பக்கம், அந்தப் பெண்களின் கண்ணுக்குத் தெரியாத மடிப்பில், ஏழெட்டுப் பாறைகள் நகர்ந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு குட்டிப் பாறையும் நகர்ந்தது.

“அக்கா” என்று அவள் ஞானப்பூவின் கையைப் பிடித்தாள். ஞானப்பூவும் பார்த்துவிட்டாள். அவள் கண்கள் ஒரு கணம் தம்பி போன அந்தக் காலை நேரத்தைப் பார்த்தன. அடுத்த கணம் அவள் வயிற்றிலிருந்து ஒரு குரல் புறப்பட்டது.

“யானை! யானை! மேல ஏறாதீங்க! கீழ எறங்குங்கடி!”

லயன் முழுக்கச் சேர்ந்து கத்தியது. தமயந்தி லாரிக்கு ஓடிப்போய் ஹாரனில் கையை வைத்து எடுக்காமல் அழுத்தினாள். சத்தம் பள்ளத்தாக்கைக் கடந்து போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. தலைத்துணிகள் நின்றன. ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. ஆனால் இறங்கவில்லை, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. ஒரு ரோஸ் தலைத்துணி மட்டும் மேட்டைத் திரும்பிப் பார்த்தது.

அந்த நேரம் பார்த்து வெள்ளை இறங்க ஆரம்பித்தது. வானத்திலிருந்து வழிந்து எதிர்மலையின் உச்சியை மூடியது, யானைகளை மூடியது, தலைத்துணிகளை மூடியது.

“வோல்ட்டேஜ் போவுது!” என்று வேலாயுதம் உள்ளேயிருந்து அலறினான். “யாரோ எதையோ போட்டிருக்காங்க!”

பத்துப் பேர் பத்துத் திசையில் ஓடினார்கள். டீமேக்கர் வரதராசன் வீட்டிலிருந்துதான் கருகல் வாசனை வந்தது. மேனேஜரைப் பார்க்கப் போவதற்காகப் பேன்ட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர், லுங்கியோடு, கையில் பிடுங்கின அயர்ன் பாக்ஸோடு வாசலுக்கு ஓடிவந்தார். “எடுத்துட்டேன்! எடுத்துட்டேன்!” என்று அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

எல்லோரும் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஞானப்பூ அக்கா கத்துவதை நிறுத்தவே இல்லை. தொண்டை உடைந்து, குரல் கிழிந்து, வெறும் காற்றாய் வந்த பிறகும் கத்தினாள்.

வெள்ளை விலகியது. மேட்டில் ஒருவரும் இல்லை. தலைத்துணிகள் எல்லாம் கீழே ரோட்டில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. ரோஸ் தலைத்துணி மட்டும் கையால் ஒவ்வொரு தலையாகத் தொட்டுத் தொட்டுப் போனது. அவர்கள் விட்டுவந்த கூடைகளுக்கு நடுவில் யானைகள் நிதானமாக நடந்து, ஒரு கூடையைக்கூட மிதிக்காமல், அந்தப் பக்கச் சோலைக்குள் இறங்கின. குட்டி மட்டும் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு போனது. ரோஸ் தலைத்துணிக்காரி தலைத்துணியை அவிழ்த்து இந்தப் பக்கமாக வீசி வீசி ஆட்டினாள். ஞானப்பூ அக்கா கொடியில் கிடந்த ஒரு துண்டை உருவித் திருப்பி ஆட்டினாள். பகல் முழுக்க ஆட்டினாள். கஞ்சி குடிக்கும்போது மட்டும் இடக்கையால் ஆட்டினாள்.

அதற்கடுத்த வாரங்களில் இரண்டு மலையும் பேசப் பழகின. நீளமான பேச்சு போய்ச் சேரவில்லை, அதனால் சின்னச் சின்னதாய்ப் பேசினார்கள். ‘சாப்டாச்சா’ என்று இங்கிருந்து போகும், ‘ஆச்சு’ என்று அங்கிருந்து வரும். முன்னெல்லாம் வெள்ளைக்குள்ளிருந்து வருகிற குரலை எதிரொலி என்று நினைத்து, அது சொன்னதையே தாங்களும் திரும்பச் சொன்னதாகப் பிறகு அந்தப் பக்கத்துக்காரர்கள் சொன்னார்கள். எதிரொலியை ஏமாற்றக்கூடாதே என்று. இந்த லயன்காரர்களும் தாங்கள் அப்படியே செய்ததை ஒத்துக்கொண்டார்கள். பள்ளத்தாக்குக்குள் ஒரு பழைய மாட்டுப்பாதை இருந்தது இப்போது தெரிந்தது. இந்தப் பக்க இளவட்டங்கள் பாதி தூரமும் அந்தப் பக்க இளவட்டங்கள் மீதி தூரமும் புதரை வெட்டினார்கள். நடுவில் சந்தித்தபோது என்ன பேசுவது என்று தெரியாமல் ஒருவருக்கொருவர் பீடி கொடுத்துக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்மலை முழுக்கக் கிளம்பி வந்தது. பலாப்பழம் சுமந்துகொண்டு, தேன் தூக்கிக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையாக மேடேறி வந்தார்கள். முன்னால் வந்தவள் பூரணி. ரோஸ் தலைத்துணிக்காரி அவள்தான்; கிட்டத்தில் பார்த்தால் சின்னப் பெண், மூக்கில் பெரிய மூக்குத்தி, ஏழு மாத வயிறு. அவள் யாரையும் கேட்காமல் நேரே ஞானப்பூ அக்காவிடம் போய் நின்றாள்.

“நீங்கதானேக்கா கத்துனது?”

ஞானப்பூவுக்கு அப்போதும் குரல் முழுசாகத் திரும்பவில்லை. தலையை ஆட்டினாள்.

“எங்க மேஸ்திரி, எதிரொலிடி, வேலையப் பாருங்கன்னாரு. நான் சொன்னேன், நாமதான் யானைன்னு கத்தவே இல்லையே, நாம கத்தாதது எப்படிங்க எதிரொலிக்கும்னு. அப்பறந்தான் எல்லாரும் எறங்குனோம்.”

ஞானப்பூ அக்கா அவள் வயிற்றின் மேல் கையை வைத்தாள். பிறகு அவளை இழுத்து இறுக்கி அணைத்துக்கொண்டாள். வெகுநேரம் விடவே இல்லை. தம்பிக்காக அன்று அழாமல் வைத்திருந்ததை இன்று அழுதாள் என்று லயனில் பேசிக்கொண்டார்கள். ஆனால் அழுகைக்கு நடுவில் அவள் சிரித்ததை தமயந்தி பார்த்தாள்.

கோயில் முன்னால் பெரிய அண்டாவில் பிரியாணி வெந்தது. டீமேக்கர் வரதராசன் எதிர்மலை டீமேக்கரோடு உட்கார்ந்து, இரண்டு ஃபேக்டரித் தூளையும் மாற்றி மாற்றி மோந்து, யார் தூள் உசத்தி என்று மரியாதையாகச் சண்டை போட்டார். சாப்பிட்டு முடித்ததும் பூரணி தமயந்தியைத் தேடி வந்தாள்.

“அந்தப் பொட்டியப் பாக்கலாமாங்கக்கா?”

தமயந்தி பெட்டியின் மூடியைக் கழற்றிக் காட்டினாள். இரண்டு விசிறி வைத்த கறுப்புக் கார்டைப் பூரணி குனிந்து பார்த்தாள். கைவைக்கலாமா என்று கேட்டு, வேண்டாம் சுடும் என்று தமயந்தி சொன்னதும், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இன்னும் நெருங்கிப் பார்த்தாள்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான். வெளக்கு வச்சது, மூணு விசிறி வச்சதெல்லாம்கூடக் கடையில இருந்துச்சு. இதுதான் எல்லாத்தையும் ஞாபகத்துல வச்சிருக்கும்னு எடுத்தேன்.”

“இதுல என்ன பண்ணுவீங்க?”

“லாரி ஓட்டுவேன்.”

“நான் ஓட்டட்டுமா? இதுவரைக்கும் சைக்கிள்கூட ஓட்டுனதில்ல.”

தமயந்தி நாற்காலியை இழுத்துப் போட்டாள். பூரணி உட்கார்ந்தாள். வீட்டுக்குள் இரண்டு மலையும் நுழைந்துவிட்டது. ஜன்னலில் தலைகள், வாசலில் தலைகள், கட்டிலின் மேல் ஏறி நின்ற பிள்ளைகள். எந்தப் பொத்தான் முன்னால் போக, எது திரும்ப என்று தமயந்தி சொல்லிக்கொடுத்தாள். பூரணி அழுத்தினாள். லாரி பாய்ந்தது. கோதுமை வயலைக் கிழித்துக்கொண்டு, வேலியை முறித்துக்கொண்டு, காக்கையைக் கலைத்துக்கொண்டு பாய்ந்தது. “லெஃப்ட்ல ஒடி!” என்றது இந்த மலை, “ரைட்டுல, ரைட்டுல!” என்றது அந்த மலை, “பிரேக்கு!” என்று இரண்டு மலையும் ஒன்றாகக் கத்தியது. பூரணி சிரித்துக்கொண்டே எல்லாப் பொத்தானையும் ஒன்றாக அழுத்தினாள். லாரி ஒரு பாலத்தின் விளிம்பில் ஏறி, காற்றில் மிதந்து, ஒரு பெரிய ஏரிக்குள் முகம் குப்புற விழுந்தது.

தண்ணீர் மூடியது.

லாரி மெதுவாக ஏரியின் அடிக்குப் போய் மணலில் உட்கார்ந்தது. மேலேயிருந்து வெயில் தண்ணீருக்குள் கோடு கோடாக இறங்கியது, கோடுகள் அசைந்தன, அடிமணலில் அவற்றின் வெளிச்சம் வலைமாதிரி ஆடியது. நீர்ப்பாசிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு மறுபக்கமாகச் சாய்ந்தன. இந்த விளையாட்டில் ஏரிக்குள் இதெல்லாம் இருக்கிறது என்று தமயந்திக்கே தெரியாது. அவள் இதுவரை ஒழுங்காகத்தான் ஓட்டியிருந்தாள். மலையிலேயே பிறந்து, ஓடைத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காதவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் கையை வைத்துக்கொண்டு குனிந்தார்கள்.

“வெளிய எடுத்துரலாமா?” என்று தமயந்தி மெல்லக் கேட்டாள். திரும்பத் தொடங்குகிற பொத்தானுக்குக் கை போனது.

பூரணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். திரையில், பாசிக்குப் பின்னாலிருந்து, செதில் செதிலாய் மினுங்கிக்கொண்டு ஏதோ திரும்பியது.

“சத்தம் போடாதீங்க” என்றாள் பூரணி. “ஒண்ணு கிட்ட வருது.”